பனிமூட்டத்தில் ரயில் பார்ப்பது எப்படி?

கொழும்புக் கோட்டையில் ரயில் பார்க்கக் கண் இருந்தால் போதும். அட்டனில் அது போதாது. ஆனி, ஆடி மாதங்களில் மூட்டம் இறங்கிவிட்டால் எதிர் லயமே தெரியாது. அதற்கும் அப்பால் மலை விளிம்பில் போகிற ரயில் எங்கே தெரியும்? ஆனாலும் பாதையோரத் தோட்டங்களில் வளரும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். "இது மெயிலு, மேல ஏறுது", "பொடி மெனிக்கே இன்னைக்கு லேட்டு", "இது சாமான் ரயிலு" என்று வீட்டுக்குள் இருந்தபடியே சொல்லிவிடுவார்கள்.

ரயில் பார்ப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க உண்டு. இங்கிலாந்தில் இயன் அலன் என்றொரு இளம் ரயில்வே குமாஸ்தா இருந்தார். எஞ்சின்களைப் பற்றி விசாரித்து வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதி எழுதி அலுத்துப்போய், விவரங்களை எல்லாம் திரட்டி 1942இல் ஒரு சிறு புத்தகமாக அச்சிட்டார். அப்புறம் கேட்கவேண்டுமா? புத்தகமும் பென்சிலுமாக மேடை ஓரத்தில் நின்று, கண்ட எஞ்சினின் எண்ணுக்குக் கீழே கோடு போடுவது அந்த நாட்டுப் பிள்ளைகளுக்குப் பெரிய பைத்தியமாகிவிட்டது. நம் மலைநாட்டில் எண்ணைப் படிக்கவே மூட்டம் விடாது. ஆகவே நாம் காதிலிருந்து தொடங்குவோம்.

முதலில் ஹோர்ன். தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி படிகிற விடிகாலைகளில், இரண்டு மலைக்கு அப்பால் ஊதுகிற ரயில்கூடப் பக்கத்தில் ஊதுவதுபோலக் கேட்கும். அதே ரயில் அதே இடத்தில் நண்பகலில் ஊதினால் கேட்பதில்லை. பகலில் வேறு இரைச்சல்கள் இருப்பது ஒரு காரணம். பெரிய காரணம் காற்றின் சூட்டில் இருக்கிறது. சத்தம் குளிர்ந்த காற்றில் கொஞ்சம் மெதுவாகவும், சூடான காற்றில் கொஞ்சம் வேகமாகவும் போகும். 10 பாகை செல்சியசில் விநாடிக்கு ஏறத்தாழ 337 மீற்றர். 25 பாகையில் 346. பகலில் வெயில் நிலத்தைச் சுடவைக்க, நிலத்தை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே உள்ளது குளிராகவும் இருக்கும். ஆகவே சத்த அலையின் அடிப்பாகம் முந்தும், மேற்பாகம் பிந்தும். அலை வானத்தைப் பார்த்து வளைந்து நம் தலைக்கு மேலால் போய்விடும். தெளிந்த இரவில் இது தலைகீழ். நிலம் சூட்டை இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, அது பள்ளத்தாக்கில் இறங்கித் தங்கிவிடும். சற்று வெப்பமான காற்று அதற்கு மேலே கிடக்கும். இப்போது அலையின் மேற்பாகம் முந்துகிறது. மேலே போயிருக்க வேண்டிய சத்தமும் வளைந்து லயத்துக்கே இறங்கி வருகிறது.

அடுத்தது உறுமல். மலையில் ஏறுகிற ரயில் மெதுவாகத்தான் வரும், ஆனால் பாய்ந்து வருவதுபோலச் சத்தம் போடும். எதற்கு இந்த ஆர்ப்பாட்டம்? நாவலப்பிட்டி நிலையம் கடல் மட்டத்திலிருந்து 600 மீற்றருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது. நானுஓயா 1,600 மீற்றருக்கு மேல். இடையில் ஆயிரம் மீற்றர் ஏற்றம். செங்குத்தான இடங்களில் 44 மீற்றர் போனால் பாதை ஒரு மீற்றர் உயரும். கேட்கும்போது அற்பமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போடுங்கள். ரயிலின் பாரம் 200 தொன் என்று வைத்துக்கொண்டால், 200ஐ 44ஆல் வகுக்க நாலரை வரும். நாலரைத் தொன் பாரத்தை அந்தரத்தில் தூக்கிப் பிடிக்க எவ்வளவு விசை வேண்டுமோ, அவ்வளவையும் எஞ்சின் ஒரு நொடியும் விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். விட்டால் ரயில் பின்னால் வரும். அந்த 200 தொன்னை ஆயிரம் மீற்றர் உயர்த்த மட்டும் ஏறத்தாழ 545 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி தேவை. மாதம் 90 யூனிட் எரிக்கிற வீட்டுக்கு அது ஆறு மாதம் காணும்.

மலைநாட்டுப் பாதையில் பேர்பெற்ற எஞ்சின்கள் டீசலால் நேரடியாகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. டீசல் எஞ்சின் ஒரு மின்பிறப்பாக்கியைச் சுற்றும். அந்த மின்சாரம் அச்சுகளில் உள்ள மோட்டார்களைச் சுற்றும். அதனால்தான் சக்கரம் மெல்ல உருண்டாலும் எஞ்சின் முழு வேகத்தில் கத்தமுடிகிறது. 1979இல் ஜெர்மனியின் ஹென்ஷல் தொழிற்சாலையிலிருந்து வந்த எம் 6 இப்படிப்பட்டதுதான். அதற்கும் மூத்தவை எம் 2 எஞ்சின்கள். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா 1954இல் அனுப்பத் தொடங்கியவற்றுக்கு அந்த நாட்டு மாகாணங்களின் பெயரையே வைத்தார்கள். 569 'ஒன்டாரியோ', 570 'அல்பேர்டா'. கொழுந்து மலைகளுக்கு நடுவே ஒன்டாரியோ ஏறி இறங்கிக்கொண்டிருந்தது என்று நினைக்கவே எனக்குச் சிரிப்பு வரும்.

உறுமலை உன்னிப்பாகக் கேட்டால் மேடு பள்ளமும் தெரிந்துவிடும். அட்டனைத் தாண்டித் தலவாக்கலைப் பக்கம் போகையில் பாதை கொஞ்சம் இறங்குகிறது, சத்தம் தணியும். பிறகு வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், நானுஓயா என்று மறுபடி ஏற்றம், மறுபடி உறுமல். சில நேரம் ஏறிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் சட்டென்று வேறு குரலில் விர்ரென்று பதறும். சக்கரம் வழுக்குகிறது என்று அர்த்தம். இரும்பின்மேல் இரும்பு உருள்வதால் பிடிமானம் முதலிலேயே குறைவு. தண்டவாளம் நனைந்தால் இன்னும் குறையும். ஆனால் பாருங்கள், கொட்டுகிற மழையைவிடத் தூறலும் மூட்டமும்தான் மோசம். பெருமழை தண்டவாளத்தைக் கழுவிவிடும். தூறலோ துருவையும் அழுக்கையும் நசுங்கிய யூக்கலிப்டஸ் இலையையும் குழைத்துப் பசையாக்கிவிடும். அதற்கு மருந்து மிகப் பழையது: மணல். எஞ்சினில் மணல் பெட்டி இருக்கும். சாரதி விசையைத் தட்டினால், குழாய் வழியாகச் சக்கரத்துக்கு முன்னால் காய்ந்த மணல் விழும். மேடையில் நிற்கும்போது சக்கரத்தின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குழாயைத் தேடிப் பாருங்கள்.

வளைவில் எழும் 'கிறீச்' சத்தத்துக்குக் காரணம் சக்கரத்தின் வடிவம். இதைப் புரிந்துகொள்ள இரண்டு பேப்பர் கப்பும் டேப்பும் போதும். கப் இரண்டையும் வாயோடு வாய் வைத்து ஒட்டுங்கள். நடுவில் பெருத்து, இரு முனையிலும் சிறுத்து இருக்கும். இரண்டு நீளக் கம்புகளைத் தண்டவாளம்போலச் சற்றே சரிவாக வைத்து அதை உருட்டிவிடுங்கள். ஒரு பக்கம் விலகினாலும் தானே நடுவுக்கு வந்துவிடும். இப்போது பிரித்து, அடியோடு அடி வைத்து ஒட்டி உருட்டுங்கள். கொஞ்சம் விலகியதுமே கவிழ்ந்துவிடும். ரயில் சக்கரங்கள் முதல் வகை. தட்டையாகத் தெரிந்தாலும், உட்பக்கம் பெருத்து வெளிப்பக்கம் சிறுத்த கூம்பு அவை.

ரயிலின் இரண்டு சக்கரமும் ஓர் அச்சில் இறுகியவை. ஒன்று சுற்றினால் மற்றதும் அதே அளவு சுற்றும். வளைவிலோ வெளித்தண்டவாளம் நீளம், உள்தண்டவாளம் குட்டை. நம் நாட்டின் அகலப்பாதையில் தண்டவாளங்களுக்கு இடைவெளி 1,676 மில்லிமீற்றர். வளைந்து வளைந்து ஒரு கால்வட்டம் திரும்பினால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட இரண்டரை மீற்றருக்கு மேல் கூட ஓடவேண்டும். வளைவில் அச்சு வெளிப்பக்கமாக ஒதுங்கும், வெளிச்சக்கரம் தன் பெருத்த பாகத்திலும், உள்சக்கரம் சிறுத்த பாகத்திலும் உருளும், வித்தியாசம் ஈடாகிவிடும். சமவெளியின் அகன்ற வளைவுகளுக்கு இது போதும். மலைநாட்டிலோ நூறு மீற்றர் ஆரையுள்ள வளைவுகள் உண்டு. அவ்வளவுக்குக் கூம்பு ஈடுகொடுக்காது. மிச்சத்தைச் சக்கரம் சறுக்கியும், அதன் விளிம்பு தண்டவாளத்தில் உரசியும் சமாளிக்கிறது. பிடித்து விட்டு, பிடித்து விட்டு நொடிக்குப் பல நூறு முறை அதிர்கிறது. நமக்குக் கிறீச் என்று கேட்பது அதுதான். அவ்வளவு இறுக்கமாக வளைத்து ஏன் போட்டார்கள்? வளைந்து சுற்றினால்தான் 44க்கு ஒன்று என்ற ஏற்றத்தைத் தாண்டாமல் மலையேற முடியும். நேரே போட்டிருந்தால் எந்த எஞ்சினும் ஏறியிராது.

கோப்பியையும் பிறகு தேயிலையையும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கவே இந்தப் பாதை வந்தது. 1867இல் கண்டி, 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை, 1924இல் பதுளை. கடைசித் துண்டில் தெமோதரை இருக்கிறது. அங்கே சரிவு மிகக் கடுமை. அளவையாளர் தவித்து நின்றபோது, ஒரு கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்து யோசனை பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, பாதை உண்மை. நிலையத்தை விட்டுப் புறப்படுகிற பதுளை ரயில் மலையை ஒரு வட்டம் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியில் உள்ள 42ஆம் சுரங்கத்துக்குள் நுழைகிறது. தெமோதரை மேடையில் நிற்பவருக்கு ஒரே ரயில் இரண்டு தடவை: முதலில் கண்ணுக்கு எதிரே, சற்று நேரம் கழித்துக் காலுக்குக் கீழே.

இனி எனக்கு மிகப் பிடித்த சத்தம். அட்டன் போன்ற நிலையத்தில் ரயில் வருவதற்கு முன், நிலைய அதிபரின் அறைக்குள் டிங், டிங் என்று ஒரு மணி அடிக்கும். டெலிபோன் இல்லை அது. ரம்புக்கனைக்கு மேலே பெரும்பாலும் ஒற்றைப் பாதை. ஏறுகிற ரயிலும் இறங்குகிற ரயிலும் அதே தண்டவாளத்தில்தான். இரண்டும் எதிர்ப்படாமல் இருக்க என்ன செய்வது? 1874இல் இங்கிலாந்தில் நொரிச் நகருக்கு அருகே, தந்தியில் நேர்ந்த ஒரு குளறுபடியால் இரண்டு ரயில்கள் ஒற்றைப் பாதையில் நேருக்கு நேர் மோதின. மனிதருடைய ஞாபகத்தை மட்டும் நம்பக்கூடாது என்று எல்லாருக்கும் உறைத்தது. எட்வர்ட் டயர் என்பவர் 1878இல் ஒரு பொறியை உருவாக்கினார். டெப்லட் என்று நம் ரயில்வே ஆட்கள் சொல்வது அதைத்தான்.

அடுத்தடுத்த இரண்டு நிலையங்களில் ஆளுக்கொரு இரும்புப் பெட்டி இருக்கும். இரண்டும் மின்கம்பியால் இணைந்தவை. இரண்டுக்குள்ளும் வட்டமான உலோக வில்லைகள் அடுக்கியிருக்கும். அந்தத் துண்டுப் பாதையில் போகவேண்டுமானால் சாரதியின் கையில் ஒரு வில்லை இருந்தாகவேண்டும். அட்டன் அதிபர் நினைத்தவுடன் அதை எடுத்துவிட முடியாது. முதலில் மணியடித்து, அடுத்த நிலையமான கொட்டகலையைக் கேட்கவேண்டும். கொட்டகலை அதிபர் சம்மதித்துத் தன் பெட்டியின் பொத்தானை அழுத்திப் பிடித்தால், கம்பி வழியே மின்சாரம் வந்து, அட்டன் பெட்டிக்குள் உள்ள மின்காந்தம் பூட்டை விடுவிக்கும். ஒரே ஒரு வில்லை வெளியே வரும். வந்த கணத்திலேயே இரண்டு பெட்டியும் பூட்டிக்கொள்ளும். அந்த வில்லை இந்தப் பெட்டியிலோ அந்தப் பெட்டியிலோ திரும்பப் போடப்படும் வரை, இரண்டு அதிபரும் சேர்ந்து முயன்றாலும் அடுத்தது வராது. மின்சாரம் நின்றுபோனால்? பூட்டியபடியே இருக்கும். ரயில் தாமதமாகும், அவ்வளவுதான். பழுதானால் ஆபத்தின் பக்கம் சாயாமல் பாதுகாப்பின் பக்கம் சாயும்படி ஒரு கருவியைச் செய்வது பெரிய கெட்டித்தனம். இக்காலக் கணினிகளில்கூட எல்லாவற்றிலும் அது இருக்கிறது என்று சொல்லமாட்டேன்.

வில்லையை ஒரு தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டிக் கொடுப்பார்கள். மூட்டத்துக்குள் சாரதி கையை நீட்ட, மேடையில் நிற்பவர் பழைய வளையத்தை வாங்கிப் புதியதைக் கொடுக்கும் அந்த இரண்டு நொடியைத் தவறவிடாதீர்கள். எஸ் 12, எஸ் 14 போன்ற பிற்கால ரயில் தொடர்கள் வந்த பிறகும் நெடுங்காலமாக இதே வளையம்தான். வாங்கிய வில்லையில் பொறித்த நிலையப் பெயர் சரியா என்று சாரதி பார்க்கவேண்டும். பார்த்தபின்தான் ஹோர்ன்.

காதைப் பற்றிப் பேசும்போது ஒன்று. ஏற ஏறக் காது அடைப்பதும், எச்சில் விழுங்கினால் 'டப்' என்று திறப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெளியே காற்றழுத்தம் குறைகிறது. காதுக்குள் அடைபட்ட காற்று பழைய அழுத்தத்திலேயே இருக்கிறது. கொழும்பில் வாங்கிய முறுக்குப் பைக்கற்றைப் பிரிக்காமல் பட்டிப்பொல வரை கொண்டுபோங்கள். அது நாட்டின் மிக உயரமான நிலையம், ஏறத்தாழ 1,890 மீற்றர். கொழும்பைவிட அங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பைக்கற் உப்பிப்போய் இருக்கும். இதே காற்றழுத்தம்தான் பழைய பெட்டிகளின் வெற்றிடப் பிரேக்கையும் அழுத்துகிறது. ரயில் ஓடும்போது பெட்டிகளுக்கு இடையிலான குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். நிறுத்த வேண்டுமென்றால் காற்றை உள்ளே விடுவார்கள். ஸ்ஸ் என்ற சத்தம் அதுதான். பெட்டி கழன்று குழாய் அறுந்தாலும் காற்று தானே புகுந்து பிரேக் விழுந்துவிடும். டெப்லட்டில் பார்த்த அதே கெட்டித்தனம் இங்கேயும்.

இவ்வளவு சத்தங்களுக்கு நடுவே ரயில் இல்லாத நேரத்தில் கேட்கும் சத்தம் ஒன்று உண்டு: பாதையில் வேலை செய்கிறவர்களின் சுத்தியல். தண்டவாளத்தை நடந்தே பார்த்து, தளர்ந்த ஆணியையும் மரையையும் இறுக்கிக்கொண்டு போவார்கள். மழைக்காலத்தில் இன்னொன்றையும் பார்ப்பார்கள், மண்ணை. வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். ஈரம் ஊறிய மண்ணில் துகள்களுக்கு இடையே நீரழுத்தம் கூடி, ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி விட்டுவிடும். 1990களின் தொடக்கத்தில் வட்டவளையில் சரிவே நகர்ந்து பாதையைத் தள்ளிவிட்டது. அதற்குச் சுவர் கட்டுவதைவிட, மலைக்குள் நிற்கும் நீரை வடியவைப்பதுதான் வைத்தியம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டுப் பாதை பல இடங்களில் அறுந்தது. ரயில் சத்தத்தை வைத்தே நேரம் பார்த்துப் பழகி, ரயிலே வராத அந்த நாட்களில் நேரம் தெரியாமல் தடுமாறிய வீடுகள் எத்தனையோ. புதிய வெடிப்பு, திடீரென்று கலங்கி வரும் ஊற்று, சாய்ந்துபோன மரம், இவற்றைப் பாதையோரத்தில் பார்த்தால் உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயத்தைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பள்ளிக்கூடத்துக்கோ கடைக்கோ போகத் தண்டவாளத்தைக் குறுக்குவழியாக்குவது நம் பக்கத்தில் சாதாரணம். "சத்தம் கேட்டா ஒதுங்கிக்கலாம்" என்பார்கள். ஏறுகிற ரயில் உறுமும். இறங்குகிற ரயிலுக்கு இழுவை வேண்டாமே, எஞ்சின் ஏறத்தாழச் சும்மா இருக்கும். நடுவே ஒரு மலைமுனை இருந்தால், வருகிற கொஞ்சச் சத்தத்தையும் அது மறைத்துவிடும். மணிக்கு 30 கிலோமீற்றரில் இறங்கும் ரயில் நிற்க நூறு மீற்றர் அளவு வேண்டும். இறுக்கமான வளைவில் சாரதிக்கு அவ்வளவு தூரம் தெரியவே தெரியாது. தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்கும் விளையாட்டும் வேண்டாம். இரும்பில் சத்தம் விநாடிக்கு 5,000 மீற்றர் போகும் என்பதைச் சோதிக்கப் பள்ளிக்கூடத்து இரும்புக் கம்பி வேலி போதும். ஒரு முனையில் தோழி தட்ட, மறுமுனையில் காதை வையுங்கள்.

கடைசியாக, ரயிலுக்குள் இருந்து செய்யவேண்டிய கணக்கு. தண்டவாளத் துண்டுகளுக்கு இடையே சிறு இடைவெளி விட்டிருப்பார்கள். 12 மீற்றர் துண்டு 20 பாகை சூடேறினால் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நீளும், அதற்காக. சக்கரம் அதைக் கடக்கும்போதுதான் 'தடக்-தடக்'. அந்த இரட்டைச் சத்தத்தை ஒன்றாக எண்ணுங்கள். துண்டு 12 மீற்றர் என்றால், 43 விநாடியில் எத்தனை எண்ணுகிறீர்களோ அதுதான் மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்ற வேகம். துண்டின் நீளம் நிலையத்துக்கு நிலையம் மாறலாம். ஆகவே முதலில் மேடையிலேயே நின்று, இரண்டு இணைப்புகளுக்கு இடையே மேடை ஓரம் எத்தனை அடி வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கீழே இறங்கவேண்டாம்.

அட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே சிங்கமலைச் சுரங்கம் வரும். மலைநாட்டுப் பாதையில் மிக நீளமானது, ஏறத்தாழ 560 மீற்றர். நடுவில் வளைந்திருப்பதால் ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியாது. பெட்டி முழுக்கப் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். நீங்கள் வாயை மூடிக்கொண்டு எண்ணுங்கள். 12 மீற்றர்த் துண்டுகளாக இருந்தால் 46 அல்லது 47 வரவேண்டும். அதைவிடக் குறைவாக வந்தால், சுரங்கத்துக்குள் தண்டவாளங்களைப் பற்றவைத்து நீளமாக்கியிருக்கிறார்களா என்று ஊகிக்கலாம். வெயிலே படாத இடத்தில் அப்படிச் செய்வது சுலபமா, கடினமா? அதையும் யோசித்துப் பாருங்கள்.